கடலில்லாத தீவு

சென்ற வருஷம் எங்கள் குடும்பத்தில் ஒரு கலகம் மூண்டது. காரணம், ஓர் எரிமலை!

என் அண்ணன் மகளுக்குச் சென்னையில் உத்தியோகம். கையில் நாலு காசு சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் மாலை கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அத்தை, இதைப் பாரேன்! சுற்றிலும் நீலக் கடல், நடுவிலே எரிமலை, அடிவாரத்திலே சின்னதாக ஒரு கிராமம். கூட்டமே கிடையாதாம், சத்தமே கிடையாதாம். லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வரப் போகிறேன்" என்றாள். அந்தத் தீவு எந்தத் தேசத்தில் இருக்கிறது என்பதுகூட எனக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனால் மகள் எரிமலை பார்க்கப் போகிறாள் என்று கேட்டவுடன் அவள் அம்மாவின் அடிவயிற்றில் ஓர் எரிமலை கிளம்பியது மட்டும் நன்றாக விளங்கியது.

சமாதானம் செய்யும் பொறுப்பு, வழக்கம் போல, என் தலையில் விழுந்தது.

"நம் தேசத்திலேயே எரிமலைத் தீவு ஒன்று இருக்கிறதே!" என்று ஆரம்பித்தேன். அந்தமான் தலைநகரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் பாரன் தீவு இருக்கிறது. 1787-ல் அது கக்கியதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, 1991-ல் கண் விழித்துக் கொண்டது. ஆனால் அங்கே மனிதர்களே குடியில்லை. கப்பலில் இருந்தபடியே தரிசனம் செய்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"மனிதர்களே இல்லையென்றால் யாரோடு பேசுவது? யார் வீட்டில் சாப்பிடுவது?" என்று கேட்டாள் பெண். நியாயமான கேள்வி.

"அப்படியானால் என்னோடு போடிக்கு வா. கடலில்லாத தீவு ஒன்று காட்டுகிறேன்" என்றேன்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை விஞ்ஞானிகள் "வானத் தீவுகள்" என்றே அழைக்கிறார்கள். உச்சியிலே குளிர்ந்த புல்வெளியும் சோலைக் காடும். கீழே வெயில் காயும் சமவெளி. மேலே வாழும் பறவைக்கும் பூச்சிக்கும் அந்த வெப்பமான சமவெளி ஒரு சமுத்திரம் மாதிரி. தாண்டி வர முடியாது. ஆகையால் ஒவ்வொரு மலை உச்சியிலும் ஜீவன்கள் தனித்தனிக் குடும்பமாக வாழ்கின்றன. 2017-ல் இப்படி வாழும் சின்னப் பறவைகளுக்கு விஞ்ஞானிகள் புதிதாக ஒரு பெயர் சூட்டினார்கள்: "ஷோலிகோலா". நம்முடைய "சோலை"தான் அந்தப் பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது! பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு வகை. தெற்கே வெள்ளை வயிற்றோடு இன்னொரு வகை.

எரிமலையா? அது இங்கே இல்லை. இதே மலைத் தொடர் வடக்கே மகாபலேஸ்வரம் பக்கம் போனால் சுமார் 6½ கோடி வருஷத்துக்கு முன் எரிமலைக் குழம்பு படிந்து உறைந்த பாறையாக இருக்கிறது. நம் பக்கத்து மலையோ அதைவிட எவ்வளவோ பழையது. பூமியின் அடியாழத்தில் வெந்து மேலே வந்த கல். ஆனாலும் இந்த மலைக்கும் நெருப்பு தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இப்போது நேராகவே ரயில் இருக்கிறது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் வண்டி நின்று போனபின், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள் தண்டவாளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். 2023 ஜூன் 15-ந் தேதிதான் அகல ரயில் போடி வரை வந்து சேர்ந்தது. காலையில் ஸ்டேஷனில் இறங்கினால் மலை எதிரே சுவர் மாதிரி நிற்கும். ஊர் இருப்பது 1,000 அடிக்குச் சற்று மேல். மலை ஏழாயிரம், எட்டாயிரம் அடி. அந்த ஊரில் எந்த வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனாலும் மலை கூடவே வந்து நின்றுகொள்ளும்.

என் நாத்தனாரை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. நாங்கள் போனது மாசி மாதம். மூட்டையை இறக்கி வைப்பதற்கு முன்பே, "நாளைக்கே குரங்கணி போய் மலை ஏற வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள் பெண்.

"மதினி, இந்த மாசத்திலயா?" என்று இழுத்தாள் நாத்தனார். அந்த இழுப்பின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

போடியிலிருந்து பதினாறு கிலோமீட்டர் மேற்கே குரங்கணி. வழியெல்லாம் மாந்தோப்பு, இலவ மரம், ஓரமாகக் கொட்டகுடி ஆறு. அந்த ஆறுதான் போடி வழியாக ஓடித் தேனிப் பக்கம் வைகையோடு கலக்கிறது. குரங்கணியில் ரோடு முடிந்து மலை ஆரம்பமாகிறது. முனையில் ஒரு டீக்கடை. நடத்துகிறவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். நாங்கள் மேலே பார்ப்பதைப் பார்த்தார். பெண்ணின் புது பூட்ஸையும் பார்த்தார்.

"எங்க தாயி கெளம்பிட்டீக?"

"கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டு வரலாமென்று..." என்றேன்.

"வேணாம். மாசி, பங்குனி மலைக்குப் போற மாசமில்ல. புல்லு காஞ்சு கெடக்கு பாருங்க. உக்காருங்க, டீ குடிங்க."

பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவர்கள் யார் நம்மைத் தடுக்க?" என்று என் காதைக் கடித்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறோம், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறோம் என்ற மிதப்பு!

அந்த அம்மாள் கோபித்துக் கொள்ளவில்லை. கிளாஸைக் கழுவியபடியே, கையை நீட்டி மேலே ஒரு சரிவைக் காட்டினார்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2018 மார்ச் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்தவர்கள், கொழுக்குமலையைப் பார்த்துவிட்டுக் குரங்கணிக்கு இறங்கிக் கொண்டிருந்தார்கள். மகளிர் தினத்தையொட்டிய யாத்திரை. ஆகவே பெண்கள் பலர். காய்ந்த புல்லில் தீப் பிடித்தது. காற்று அதைச் சரிவில் தூக்கிக்கொண்டு ஓடியது. விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே ஊர் ஜனங்கள் ஓடினார்கள். அன்றைக்கும் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் போய்விட்டார்கள். எல்லோரும் படித்த, உற்சாகமான பிள்ளைகள். நம் வீட்டுப் பெண்ணைப் போலவே புது பூட்ஸ் வாங்கிக் கொண்டு வந்தவர்கள்.

"கம்பளியும் தண்ணிக் குடமுமா எங்க ஆம்பளைங்க ஏறுனாங்க. இருட்டுல கம்பளியிலயே கட்டித் தூக்கியாந்தாங்க" என்றார் அந்த அம்மாள். "அதுக்கப்புறம் இந்த மாசத்துல யாரு வந்து கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்."

பெண் பேசவில்லை. டீ ஆறிப் போயிற்று.

யார் மேல் குற்றம் என்று விசாரிக்க நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். "இன்றைக்கு வீட்டில் சௌகரியமில்லை, இன்னொரு நாள் வாருங்கள்" என்று அந்த வீட்டுக்காரி வாசலிலேயே சொன்னால், கதவைத் தள்ளிக் கொண்டு உள்ளே போவோமா? மலையும் ஒரு வீடுதான். அதன் வாசலில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எந்த மாதம் எப்படி என்று தெரியும்.

அன்று நாங்கள் ஏறவில்லை. ஆனால் அன்றைய பொழுது வீணாகவும் இல்லை. டீக்கடைப் பெஞ்சியிலே உட்கார்ந்து அந்த மலையின் பூர்வோத்தரம் முழுவதும் கேட்டுக் கொண்டோம்.

மேலே தெரியும் முகட்டுக்கு "டாப் ஸ்டேஷன்" என்று பெயர். நடுவழியில் "சென்ட்ரல் ஸ்டேஷன்". காட்டுக்குள் எங்கே ஸ்டேஷன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு காலத்தில் மூணாறிலிருந்து அந்த முகடு வரைக்கும் ரயில் ஓடியது! 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஆரம்பித்து, 1908-ல் சின்ன ரயிலாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் முகடு வரை ரயிலில் வரும். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக் கொண்டே கொட்டகுடிப் பக்கம் இறங்கும். பிறகு போடிக்கு வண்டி கட்டிப் போகும். 1924-ல் வந்த பெருவெள்ளம் ரயிலை ஒரேயடியாகத் துடைத்துக் கொண்டு போய்விட்டது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. ரோடு இல்லாத மலைக் குடியிருப்புகளுக்கு இன்னமும் குதிரை மேல்தான் அரிசி மூட்டை போகிறது.

இந்தச் சரிவில் முதுவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய கதையில் நம் மதுரை வருகிறது. மதுரையை விட்டு மலையேறியபோது மீனாட்சியின் திருவுருவத்தை முதுகில் சுமந்து வந்தார்களாம். அதனால்தான் முதுவர் என்ற பெயராம். நாம் மலைவாசி என்று தூரத்தில் வைத்துப் பேசுகிறவர்கள், "நாங்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தான்" என்கிறார்கள்!

ஊர் திரும்பியபின் பெண் எரிமலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். "அத்தை, தை மாதம் லீவு கேட்டிருக்கிறேன்" என்றாள்.

இந்தத் தடவை முறைப்படி போனோம். 2018 தீவிபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று சர்க்கார் தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்று ஒரு திட்டத்தையும் ஆரம்பித்து, மாநிலம் முழுவதும் 40 பாதைகளைத் திறந்தார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் ஒன்று. கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யலாம். அந்த மலையிலேயே பிறந்த பிள்ளைகள் வழிகாட்டியாகக் கூட வருகிறார்கள். காட்டுத் தீக் காலத்தில் பாதையை மூடிவிடுகிறார்கள். எப்போது என்கிறீர்கள்? பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாசி, பங்குனி! சர்க்கார் உத்தரவும் டீக்கடை அம்மாளின் உத்தரவும் தேதி தப்பாமல் ஒன்றாக இருக்கின்றன.

பெண் வழிகாட்டியோடு நடந்தாள். முழங்கால் ஒத்துழைக்காத நான் டீக்கடையில் உட்கார்ந்தேன். "இப்ப பயமில்ல, போயிட்டு வரட்டும்" என்று அந்த அம்மாளே விடை கொடுத்தார். மாலையில் திரும்பிய பெண் வாய் ஓயாமல் பேசினாள். எதைப் பற்றித் தெரியுமா? வழிகாட்டிப் பையன் இருபது அடிக்கொரு தரம் நின்று, "பேசாதீங்க, கேளுங்க" என்றானாம். அதைப் பற்றித்தான்!

மறுநாள் கொழுக்குமலை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் கேரளத்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் பூப்பாறை, சூரியநெல்லி. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பைத் தவிர வேறெந்த வண்டியும் ஏறாது. அந்த ஜீப் ரோடு நம் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிடும். இடுப்பு வலிக்காரர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

விடியுமுன்பே போடியிலிருந்து கிளம்பினோம். அந்த இருட்டில் நாங்கள் தனியாக இல்லை. எங்களுக்கு முன்னும் பின்னும் வரிசை வரிசையாக ஜீப்புகள். உள்ளே நெருக்கியடித்துக் கொண்டு பெண்கள். புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். 1956-ல் மாநில எல்லை போட்டபோது ஏலத் தோட்டங்களில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போயிற்று. வேலை செய்யும் கைகள் இந்தப் பக்கம் நின்றன. ஆகையால் தினந்தோறும் இந்தப் பெண்கள் ஒரு மாநிலத்தில் எழுந்து, இன்னொரு மாநிலத்தில் உழைத்து, இருட்டியபின் திரும்புகிறார்கள்.

போடிமெட்டில் காப்பிக்கு நிறுத்தியபோது ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். என் பெண்ணின் வயதுதான் இருக்கும். "குளிரவில்லையா?" என்றேன்.

"குளிரு பழகிருச்சுக்கா. பனி இருந்தா வெரலு மடங்காது, அதுதான் கஷ்டம்" என்று சிரித்தாள். "நீங்க சூரியன் உதிக்கிறத பாக்கத்தானே போறீக? நாங்க தெனம் பாக்கறோம்; ஆனா நின்னு பாத்ததில்ல."

வெரல் ஏன் மடங்க வேண்டும் என்று ஏலத் தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஏலக்காய் கிளை நுனியில் காய்க்கிறது என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்! செடி ஆள் உயரத்துக்கு மேல். காயோ தூரடியில், மண்ணோடு மண்ணாய்ப் படர்ந்த சரத்தில். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விளைந்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சை விட்டுவிட்டு, ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். எடுத்த காயை ஒரு நாள் பொழுது பதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். நாலைந்து கிலோ பச்சைக் காய் காய்ந்து ஒரு கிலோ ஆகிறது. பிறகு சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் ஏலத்துக்கு ஏலம் நடக்கிறது. கூச்சல் கிடையாது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். விலை ஏறி இறங்குவதை, எங்கோ இருக்கும் குவாத்தமாலா தேசத்து விளைச்சல்கூடத் தீர்மானிக்கிறது. போன நூற்றாண்டில் இங்கிருந்து போன பயிர் அங்கே இப்போது கொடிகட்டிப் பறக்கிறது.

கொழுக்குமலையில் ஏழாயிரம் அடிக்கு மேல் ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. 1930-களில் கட்டியது. பழைய முறையிலேயே இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்துகிறார்கள். அதைப் பார்ப்பதற்கு முன்னால், முகட்டு ஓரத்தில் போய் நின்றோம்.

கீழே போடியைக் காணோம். தேனியைக் காணோம். சமவெளி முழுவதும் வெள்ளை வெளேரென்று மேகம் அலையலையாய்க் கிடந்தது. எங்கள் மலையும் எதிர்த்தாற்போல் இரண்டொரு சிகரங்களும் மட்டும் அதற்குமேல் தலையை நீட்டிக் கொண்டிருந்தன. கிழக்கே சிவந்தது. முதல் வெளிச்சம் மேகத்தின் முதுகில் விழுந்தது.

"அத்தை, இது தீவேதான்" என்றாள் பெண், மெதுவாக. கைபேசியைக் கையில் வைத்திருந்தாள். படம் எடுக்க மறந்துவிட்டாள்.

எனக்கென்னவோ போடிமெட்டில் பார்த்த அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. நின்று பார்த்ததில்லை என்றாளே! அவளுக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீங்களும் போய் வாருங்கள். மழை ஓய்ந்த மார்கழியும் தையும் நல்ல மாதங்கள். கம்பளி, போர்வை, முழங்கால் வரை மறைக்கும் காலுறை எடுத்துக் கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் கொண்டு போனால் கொண்டு போன கையோடு திருப்பிக் கொண்டு வாருங்கள். காட்டில் அடுப்பு மூட்டுவதோ, தீக்குச்சி கிழிப்பதோ வேண்டவே வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் இருந்தால், 2030-ம் வருஷத்தைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் இந்த மலைகளில் பூத்தது. அடுத்த முறை அப்போதுதான். தீ வைத்த அதே வருஷத்தில் மலை பூவும் பூத்தது!

போடியில் ஏலக்காய் வாங்காமல் வரமாட்டீர்கள், தெரியும். பார்த்து வாங்குங்கள். தோல் வெடிக்காமல், உரித்தால் விதை கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். ஈரக் கையில் தேய்த்துப் பச்சை ஒட்டினால் அது சாயம். உரித்த தோலை எறியாதீர்கள். தேயிலை டப்பாவில் போட்டு வையுங்கள், மாதம் முழுவதும் மணக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் விறைக்க எடுத்த பொருள். தோலைக்கூட வீணாக்க மனம் வரக்கூடாது.

புறப்படும் அன்று குரங்கணிக்குப் போய் டீக்கடை அம்மாளிடம் சொல்லிக் கொண்டோம். என் அண்ணன் மகள் சென்னையிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு புதுக் கம்பளியை அவர் கையில் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

"அடுத்த வருசமும் வா தாயி" என்றார். பிறகு நினைத்துக் கொண்டாற்போல், "தை மாசத்துல வா" என்றார்.